ஒரு பெயருக்கு விலக்கு

மீனவர் சங்க அலுவலகத்தில் மதிய வெயில் கணினித் திரையின் பாதியை வெளுக்க வைக்கிறது. புயலில் போன படகின் இருபத்துமூன்று பேரும் அதில் வரிவரியாக இருக்கிறார்கள். ஒவ்வொரு வரியும் ‘காணவில்லை’ என்று முடிகிறது. அதை ‘இறந்தார்’ என்று மாற்றி, பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ சேர்க்கச் சொல்லியிருக்கிறார் செயலாளர் ததேயுஸ். தட்டச்சு செய்யும் ஜெமி, எல்லா வரிகளையும் ஒரே அழுத்தலில் பிடித்து மாற்றும் ‘ரீஜெக்ஸ்’ கட்டளை ஒன்றை எழுதுகிறாள். சிலுவைதாசன் என்ற பெயர் வந்தால் மட்டும் விட்டுவிடும்படி அதில் ஒரு விலக்கும் வைக்கிறாள். அது அவள் கணவனின் பெயர். பொத்தானை அழுத்துகிறாள். இருபத்திரண்டு மாற்றங்கள் என்கிறது திரை. பின்னால் நிற்கும் ததேயுஸின் விரல் திரையில் மெல்ல இறங்கி, மாறாத வரியில் நிற்கிறது. “ஏட்டி, உனக்க மாப்பிள மட்டும் கரையில நிக்கானா?” “அவரு வந்துருவாரு அண்ணா.” “எல்லாருக்க பெண்டாட்டியும் இதத்தான் சொல்லுகா.” அவரே குனிந்து விலக்கை அழிக்கிறார். “இப்ப அமத்து.” அவள் கை மடியிலேயே கிடக்கிறது. அவர் அதை எடுத்து மவுஸின் மேல் வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். சொடுக்கும் சத்தம் கேட்கிறது. ஒரு மாற்றம் என்கிறது திரை. “பிரின்ட் எடு. நிவாரணத்துக்குக் கையெழுத்துப் போட பெண்டாட்டிமாரு வெளிய வரிசையில நிக்கினும். நீயும் போயி நில்லு.”