கொடுத்துவைத்த பாம்பு

"தேவதாரு மரத்தூள் வேண்டாங்க. அந்த வாசனை பாம்புக்கு ஆகாது," என்றார் அந்த மனிதர்.

லோர்னா அசந்துபோனாள். ஒஹாயோவின் அந்தச் செல்லப்பிராணிக் கடையில் பதினோரு வருடமாக நிற்கிறாள். பாம்புப் பெட்டிக்குப் படுக்கை வாங்க இவ்வளவு விவரத்தோடு யாரும் வந்ததில்லை.

"அப்போ ஆஸ்பென் மரச் சீவல் எடுத்துக்குங்க சார். ஈரத்தை நல்லா உறிஞ்சிக்கும்."

"ஈரந்தாங்க எதிரி. நனைஞ்சதுலயே கிடந்தா வயித்துல புண்ணு வந்துரும். நான் தினமும் புரட்டிப் பார்த்துருவேன்."

"தினமுமா!"

"வாயில்லாத ஜீவன். வலிக்குதுன்னு அது வந்து சொல்லுமா? நாமதான் பார்க்கணும்."

கொடுத்துவைத்த பாம்பு என்று நினைத்துக்கொண்டே, மூட்டையை அவளே தூக்கிப்போய் அவர் காரில் வைத்தாள்.

மறுநாள் மாலை முதியோர் இல்லத்தில் அம்மாவின் போர்வையை விலக்கியவள் பதறிப்போனாள். விரிப்பு தொப்பலாக நனைந்திருந்தது. முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். பக்கவாதத்தில் பேச்சை இழந்திருந்த அம்மா அவளையே பார்த்தாள்.

புதிதாக வந்திருக்கும் மேலாளரைப் பார்த்தே ஆகவேண்டும் என்று அவர் அறைக் கதவைத் தட்டினாள். உள்ளே அதே மனிதர்.

"அட, நீங்களா! நேத்து பாம்பு என்ன சுகமாத் தூங்குச்சு தெரியுமா?"

லோர்னா சிரிக்கவில்லை. அம்மாவின் முதுகைப் பற்றிச் சொன்னாள்.

அவர் நிதானமாகக் கோப்பைப் புரட்டிப் பார்த்தார்.

"புண்ணா? உங்கம்மா ஒரு தடவைகூட வலிக்குதுன்னு சொல்லலையேங்க!"