பக்கத்து பேப்பர்

பொண்ணு கேக்க வர்ற பையனை எவனாவது ரைபிள் கிளப்புக்குக் கூப்பிடுவானா? கிறிஸ்டினாவோட அப்பா ஆரோக்கியசாமி கூப்பிட்டாரு.

“வீட்ல டீ, பிஸ்கட்டு இல்லியா? இன்னாத்துக்கு துப்பாக்கி?”ன்னு போன்ல கிறிஸ்டினாகிட்ட கேட்டான் ஜான்சன்.

“எங்க பெரியப்பா வச்ச டெஸ்ட்டு. பாலிடெக்னிக்க பாதில வுட்டவன், ஷூ கம்பெனியையும் பாதில வுட்டவன், கறுப்பு வட்டத்துல ஒரு குண்டாவது போடட்டும், அப்புறம் பொண்ணு தரலாம்னுட்டாரு. எங்க குடும்பத்துல அவர் பேச்சுதான்.”

“உங்கப்பா இன்னா சொன்னாரு?”

“அவரு துப்பாக்கிய தொடச்சிட்டிருக்காரு.”

ஜான்சன் போனை வச்சுட்டு, இருக்கறதுலயே நல்ல சட்டையைத் தேடி எடுத்தான்.

ஆம்பூர்ல தோல் குடோனுக்குப் பின்னாடி நீளமா ஒரு ஷெட்டு. உள்ள காலை வச்சா ஊரே காணாமப் போச்சு. பைபாஸ்ல ஓடற லாரி சத்தம் கூட தூக்கத்துல கேக்கற மாதிரி எங்கயோ கேட்டுச்சு. தகரத்து ஓட்டை வழியா எறங்கின வெயில்ல தூசி மெதுவா மெதந்துச்சு. அந்தக் கோடில வரிசையா வெள்ளைப் பேப்பர், நடுவுல கறுப்பு வட்டம்.

கிளப்ப பாத்துக்கற யாசிர் ஒரு காத்து துப்பாக்கியும், சின்ன டப்பால ஈயக்குண்டும் குடுத்து, விளக்க ஆரம்பிச்சாரு. “தம்பி, குழல இப்படி மடக்கணும்…”

அங்கதான் ஜான்சன் கண்ணு பெஞ்சுப் பக்கம் போச்சு. வெயில் பட்டு, கிறிஸ்டினா தலைல போட்டிருந்த துப்பட்டா கல்யாண வெள்ளை மாதிரி மின்னிச்சு. சர்ச் மணி அடிக்குது. இவன் கோட்டு போட்டிருக்கான். பிரியாணி வாசனை. பெரியப்பாவே பந்தில குனிஞ்சு, “கத்திரிக்கா இன்னும் கொஞ்சம் வைக்கட்டா மாப்ள?”ன்னு கெஞ்சறாரு…

“…அப்புறம் நிமித்தி அழுத்தணும். புரிஞ்சுதா?”

“சூப்பரா புரிஞ்சுது பாய்!”

பின்னாடி பெரியப்பா கைகட்டி நின்னாரு. “சுட்டு முடிக்கிற வரைக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது. யாரும் சொல்லிக் குடுக்கக் கூடாது.”

பக்கத்து லைன்ல ஆரோக்கியசாமியும் சுடறதுக்கு துப்பாக்கியோட நின்னாரு. வருஷா வருஷம் கிளப்பு ஷீல்டு அவருக்குத்தான்.

ஜான்சன் மடக்கினான், நிமித்தினான், அழுத்தினான். டப்!

ஆரோக்கியசாமி சட்டுனு திரும்பி இவன் கையையே முறைச்சாரு. முகம் கடுகடுன்னு மாறிப் போச்சு. ஜான்சன் மனசுக்குள்ள வேண்டினான். ‘ஏசப்பா, இந்தாளு பேப்பர சுடுவாரா, என்னை சுடுவாரா?’

அவர் திரும்பிக்கிட்டாரு. அவர் பக்கமும் டப். இவன் பக்கமும் டப். போகப்போக எது யார் சத்தம்னே தெரியல. கறுப்பு வட்டம் நிலா மாதிரி கிட்ட வர்றதும், எட்டப் போறதுமா இருந்துச்சு.

யாசிர் கயித்த இழுக்க, ரெண்டு பேப்பரும் ஆடி ஆடி வந்துச்சு.

ஜான்சன் பேப்பர்ல நட்டநடு கறுப்புல கொத்தா ஓட்டை. கிறிஸ்டினா பெஞ்சுலருந்து துள்ளி எழுந்துட்டா.

ஆரோக்கியசாமி பேப்பரு? துவைச்சுக் காயப்போட்ட வேட்டி மாதிரி பளிச்சுனு கெடந்துச்சு.

“இன்னாடா சாமி இது!” பெரியப்பா வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிச்சாரு. “ஷீல்டு வாங்கினவன் பேப்பர்ல ஒரு கீறல் கூட இல்லியே! கண்ணு போச்சாடா?”

“வயசாய்ட்டுது இல்லண்ணா.”

ஜான்சன் வாய் சும்மா இருக்குமா? “அங்கிள், உங்க பேப்பர அடுத்த வருஷமும் யூஸ் பண்ணலாம்!”

கிறிஸ்டினா அவன் தொடைல கிள்ளினா. ஆரோக்கியசாமி தலையக் குனிஞ்சுக்கிட்டாரு.

“வாய் ஜாஸ்திதான். ஆனா குறி இருக்கு,” பெரியப்பா அவன் முதுகுல தட்டினாரு. “வர்ற ஞாயித்துக்கிழம சர்ச்சுல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிடலாம்.”

எல்லாரும் வெளிய நடந்தாங்க. ஜான்சன் தரைல இல்ல, மேகத்துல நடந்தான். அப்ப உள்ளருந்து யாசிர் சத்தம். வேற எவனோ புதுசா வந்தவனைத் திட்டிக்கிட்டிருந்தாரு.

“குழல மடக்கி, குண்டை உள்ள வச்சு அப்புறம் நிமித்துப்பா! சும்மா மடக்கி மடக்கி அழுத்தினா காத்துதான் வரும்!”

ஜான்சனுக்கு கால் நின்னு போச்சு. மெதுவா பேன்ட் ஜோபில கைய வுட்டான். டப்பா இருந்துச்சு. ஒட்டின டேப்பு கூட பிரிக்கல.

தோள் மேல ஒரு கை வந்து வுழுந்துச்சு. ஆரோக்கியசாமி. முன்னாடி போற அண்ணனைப் பாத்துக்கிட்டே, காதோரமா சொன்னாரு:

“பாத்து நட மாப்ள. டப்பா குலுங்கற சத்தம் எங்கண்ணன் காதுல வுழுந்துடப் போவுது.”