கல்யாணத்தப்ப இருந்த முகம்

"நெத்தியிலயும் கண்ணோரத்துலயும் உள்ள சுருக்கம் போகணும் டாக்டர். கல்யாணத்தப்ப இருந்த மாதிரி முகம் வேணும்" என்றாள் ராபியா.

பக்கத்தில் அவள் கணவர் ஜைனுதீன் உட்கார்ந்திருந்தார். பல வருஷம் துபாயில் வேலை பார்த்துவிட்டுப் போன மாதம்தான் அறந்தாங்கிக்குத் திரும்பியிருந்தார்.

புதுக்கோட்டையின் அந்தத் தோல் டாக்டர் சிரித்தார். "சார் ஊரோட வந்துட்டாரு, அதானே?"

"எனக்கு இந்த முகமே அழகாத்தான் இருக்கு டாக்டர்" என்றார் ஜைனுதீன். "ஆனா அவ ஆசைப்படுறா, போட்டு விடுங்க."

"போடாக்ஸ் ஊசி நாலஞ்சு மாசந்தான் தாங்கும்மா."

"அது போதும் டாக்டர்."

இரண்டு வாரத்தில் நெற்றி வழவழவென்று ஆகிவிட்டது. ராபியா நரைக்குச் சாயம் பூசி, தலைவாரி, நேராக உள்ளறைக்குப் போய் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்தாள்.

மறதி நோய் முற்றிய அம்மா, ஒரு வருஷமாக அவளைப் பார்க்கும்போதெல்லாம், "இந்தக் கெழவி யாரு? என் மக ராபியாவைக் கூப்பிடுங்க" என்று அழுதுகொண்டிருந்தாள்.

இன்று அழவில்லை. அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

"நான்தாம்மா ராபியா."

"ராபியா பள்ளிக்கூடத்துக்குல்ல போயிருக்கா?"

ராபியாவின் கண்கள் நிறைந்து வழிந்தன. அம்மா தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"அழுவாத தாயி. யாரு பெத்த புள்ளையோ, ஒன்னயப் பாத்தா எனக்குப் பிரியமா இருக்கு. என் மக வர்ற வரைக்கும் இங்கிட்டே இரு."

ராபியா அம்மாவை ஒட்டிப் படுத்துக்கொண்டாள்.