ஐந்து மணிக்குள் ஒப்புதல்

"போனை வச்சிராதீங்க மேடம்! சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள நீங்க ‘சரி’ன்னு ஒரு வார்த்தை சொல்லலேன்னா நாப்பத்தெட்டு லட்சமும் கைவிட்டுப் போயிரும்!" என்று இந்தியில் கெஞ்சினார் ராமசுப்ரமணியன்.

மறுமுனையில் ஒரு பெண் குரல், போலீஸில் சொல்லட்டுமா என்று இந்தியிலேயே கேட்டுவிட்டுத் துண்டித்தது. காலையிலிருந்து இது ஐந்தாவது தடவை.

ராமசுப்ரமணியன் மோசடிக்காரர் இல்லை. மருத்துவ ஆராய்ச்சிகளுக்கு மானியம் கொடுக்கும் ஒரு டெல்லி அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர். ஒரே ஒரு கோப்பைப் பதினான்கு மாதமாக மேசை மேசையாகத் தள்ளிக்கொண்டு வந்தவர்.

சளியைத் துப்பத் தெரியாத சின்னக் குழந்தைகளுக்கு எச்சிலை வைத்தே காசநோயைக் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி அது. விண்ணப்பித்தவர் டாக்டர் ஜோஸ்லின். பிறந்தது பாளையங்கோட்டை, ஆய்வுக்கூடம் டெல்லி. இந்த ஒரு கோப்பாவது உருப்படியாகக் கரையேற வேண்டும் என்று ராமசுப்ரமணியனுக்கு ஓர் ஆசை.

நேற்று மாலைதான் நிதிப் பிரிவு மனம் இரங்கிக் கையெழுத்துப் போட்டது. இன்று மார்ச் முப்பத்தொன்று. ஐந்து மணிக்குள் ஆராய்ச்சியாளரின் ஒப்புதல் கோப்பில் ஏறாவிட்டால் பணம் வந்த வழியே திரும்பிவிடும்.

ஜோஸ்லினின் மின்னஞ்சலோ, ‘விடுப்பில் இருக்கிறேன், இரண்டாம் தேதி வருவேன்’ என்று தானாகவே பதில் அனுப்பிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்தது, விண்ணப்பத்தின் மங்கிப்போன ஜெராக்ஸில் இருந்த கைப்பேசி எண் மட்டுந்தான்.

"வாயால ஒத்துக்கிட்டாப் போதும்னு டைரக்டர் சொல்றாங்க சார். கையெழுத்தை அவங்க வந்தப்புறம் வாங்கிக்கலாமாம். ஜல்தி பண்ணுங்க!" என்றாள் அசிஸ்டெண்ட் மதுமதி. அவளுக்குப் பின்னால் டைரக்டரம்மாவே வந்து நின்றார்.

மணி நாலே முக்கால். ராமசுப்ரமணியன் ஜெராக்ஸைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு ஆறாவது தடவையாக எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டார்.

போன் எடுக்கப்பட்டதும், ‘ஆதா கிலோ தேனா’ என்று யாரோ இந்தியில் அரைக் கிலோ கேட்பது காதில் விழுந்தது. விடுப்பு நாளில் டாக்டர் மளிகை வாங்கக் கிளம்பியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். அப்போதுதான் அந்தக் குரல் தனக்குள் முணுமுணுத்தது.

"சவத்து மூதி, திரும்பவும் வந்துட்டான்!"

ராமசுப்ரமணியன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். சந்தேகமே இல்லை, பாளையங்கோட்டைதான்!

"அம்மா, வச்சிராதீங்கம்மா! நானும் அம்பாசமுத்திரந்தான்!"

"இப்ப தமிழ்லயும் கிளம்பிட்டியளா? ஓ.டி.பி.லாம் நான் சொல்ல மாட்டேன், பாத்துக்கிடுங்க."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். பணம் வாங்கக் கூப்பிடலைம்மா, குடுக்கக் கூப்பிடுதேன். எல்லாம் குழந்தைகளுக்காக. மூணு வருஷத் திட்டம். கவர்மெண்டு உங்களத்தான் தேர்ந்தெடுத்திருக்கு."

"என்னையவா?"

"உங்களையேதான். நாலு பெரிய மனுஷங்க உக்காந்து பாத்துட்டு, இவ்வளவு சுத்தமான வேலையை நாங்க பாத்ததே இல்லைன்னு எழுதியிருக்காங்கம்மா."

குரல் இளகியது. "சுத்தத்துல ஒருத்தர் குறை சொல்ல முடியாது. கை கழுவாம ஒருத்தியையும் உள்ள விடமாட்டேன்லா."

மதுமதி அதை இந்தியில் காதோடு சொல்ல, டைரக்டரம்மா மெச்சுவதுபோலத் தலையசைத்தார்.

"ஆனா ஆள் பத்தாதே சார். ரெண்டு பொண்ணுகதான் எங்கிட்ட இருக்கு."

"ஆறு பேர் வரைக்கும் வச்சுக்கிடலாம். சம்பளம் மானியத்துலயே வந்துரும்."

"மிஷினு?"

"அதுக்குத் தனியா பன்னெண்டு லட்சம்."

"மழைக்காலத்துல வேலை சுணங்கும். பின்னால குறை சொல்லப்படாது, இப்பவே சொல்லிட்டேன்."

ஆய்வுக்கூடத்தில் மழைக்குக் கரெண்ட் போகும் போலிருக்கிறது என்று ராமசுப்ரமணியன் பரிதாபப்பட்டார். "சுணங்கட்டும்மா. ஆறு மாசம் நீட்டிக்க விதியிலயே இடமிருக்கு."

"எந்த ஊர்க் குழந்தைகளுக்கு?"

"நாடு பூராவும் போகப்போகுதும்மா, உங்க சரக்கு." சந்தோஷத்தில் அவர் வாயில் அலுவலக மொழி வரவில்லை.

மறுமுனையில் பெருமூச்சு. மூக்கை உறிஞ்சும் சத்தம்கூடக் கேட்டது. "இருபது வருஷமா இந்த டெல்லியில ஒத்தை ஆளா மல்லுக்கட்டுதேன் சார். ஒருத்தரும் ஏன்னு கேட்டதில்ல. இன்னிக்குத்தான் சாமி கண்ணு தொறந்திருக்கு. சரி, ஒத்துக்கிடுதேன்!"

டைரக்டரம்மாவுக்குப் புரிந்த ஒரே தமிழ் வார்த்தை ‘சரி’. அவர் கைதட்ட, செக்‌ஷன் முழுவதும் கைதட்டியது. ராமசுப்ரமணியன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

‘ஆராய்ச்சியாளரின் ஒப்புதல் பெறப்பட்டது, மணி 4.52’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். டைரக்டரம்மா அதன் கீழே போட்டார். மதுமதி கோப்பைப் பிடுங்கிக்கொண்டு நிதிப் பிரிவுக்கு ஓட, நாலு ஐம்பத்தெட்டுக்கு அங்கே முத்திரை விழுந்த சத்தம் தாழ்வாரம் வரை கேட்டது.

போன் இன்னும் இணைப்பிலேயே இருந்தது.

"சார், ஒரே ஒரு சந்தேகம்."

"நூறு சந்தேகம் கேளுங்கம்மா!" என்றார் ராமசுப்ரமணியன், வாயெல்லாம் பல்லாக.

"நாப்பத்தெட்டு லட்சத்துக்கும் அப்பளமாவே போட்டுரட்டுமா, இல்ல பாதிக்கு வடகம் வைக்கட்டுமா?"