கீழ் ஓரம்

மூளை ஸ்கேனைப் பார்த்துச் சொல்ல வந்த ஏ.ஐ. மீது பேராசிரியர் சூடாமணிக்கு முதல் நாளிலிருந்தே நம்பிக்கை இல்லை.

“நார்மல்னு சொல்லுது மேடம். ஆனா இங்க பாருங்க.” மாணவி மஹ்விஷ் திரையில் படத்தின் கீழ் ஓரத்தைக் காட்டினாள். கடுகளவு ரத்தக்கசிவு.

சூடாமணி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். “ஆமா, இருக்கு. இந்த ஸ்கேன் எடுத்த பட்டினப்பாக்கத்து அம்மா கிளம்பிட்டாங்களா?”

“இல்ல மேடம், உட்காரச் சொல்லியிருக்கேன்.”

“உடனே அட்மிட் பண்ணச் சொல்லு.”

மஹ்விஷ் போனில் சொல்லி முடித்தாள்.

“இந்த ஏ.ஐ.யோட லட்சணத்தைப் பார்த்தியா? கீழ் ஓரத்தை எட்டிக்கூடப் பார்க்கலை. யார்தான் இதுக்குக் கத்துக்கொடுத்தாங்களோ.”

மஹ்விஷ் தயங்கினாள். “நம்ம டிபார்ட்மென்ட்டோட பத்து வருஷ ரிப்போர்ட்டுங்களை வெச்சுத்தான் மேடம் கத்துக்கிச்சு.”

“யார் எழுதின ரிப்போர்ட்டு?”

“எல்லாத்துலயும் உங்க கையெழுத்துதான் இருக்கு மேடம்.”

சூடாமணி கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் நிதானமாகத் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டார்.

“மத்தியானம் கிளாஸ் இல்லைன்னு சொல்லிடு. அந்தப் பத்து வருஷ ஸ்கேன் படம் எல்லாத்தையும் எடு. கீழ் ஓரத்துலேர்ந்து ஆரம்பிப்போம்.”