அமாவாசைப் போட்டி

“அஞ்சாங்கல் ஆடத் தெரியுமா, பாப்பா?” என்று முருகேசன் முதலாளி ஒரு நாள் கிருஷ்ணவேணியைக் கேட்டார். அப்போது அவள் ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். ஒரு கல்கூடத் தவறவிடாமல் ஆடிக் காட்டினாள். கை நிறையத் தேன்மிட்டாய் கொடுத்தார்.

இன்றைக்கும் அதே சிரிப்போடுதான் தன் வீட்டுக் கூடத்து டிவியில் ஒயரைச் சொருகிக்கொண்டிருந்தார். அமாவாசை என்பதால் தறிகளுக்கு ஓய்வு. பின்கட்டுத் தறி மட்டும் துணைக்கு ஆளில்லாமல் ஒரு மாதமாகவே ஓய்வில்தான் இருந்தது.

பர்மா பஜாரில் வாங்கிய மலிவான டிவி கேம். மஞ்சள் கேசட்டின் மேல் பத்தாயிரம் ஆட்டம் என்று போட்டிருந்தது. போட்டுப் பார்த்தால் அஞ்சாறுதான் திரும்பத் திரும்ப வந்தது.

“நல்லா ஏமாத்திட்டான்பா கடைக்காரன்! சரி, இந்தக் கட்டை வுழற ஆட்டம் போதும். அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் ஆடுங்க. எவ ஜெயிக்கிறாளோ அவளுக்கே இந்தப் பொட்டி.”

ஒன்பது வயதுப் பொன்னி அக்காவின் இடுப்பைக் கிள்ளினாள். “வுட மாட்டேன், பாத்துக்கோ.”

“மொதல்ல மூக்கத் தொடடி.”

வாசற்படியருகே அவர்களின் அப்பா முனுசாமி கைகட்டி நின்றார். குடியிருக்கும் வீடும் நெய்யும் தறியும் முதலாளியுடையவை. அப்பா நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து சேலைக் கரைக்கான நூல் ஓடும் கோர்வை நாடாவைத் தள்ளுவது கிருஷ்ணவேணி. ஏழாவதுக்குப் போகாமல் நின்றவளுக்கு அப்பா ஒரே ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: “நீ தறியில இருக்கிற வரைக்கும் சின்னவ படிக்கட்டும்மா.” அந்த ஒரு சொல்லுக்காகவே அவள் குனிந்த தலை நிமிராமல் நாடா தள்ளினாள். பொன்னியின் நோட்டுகளுக்கு அட்டை போடுவதும் அவள்தான்.

பொன்னி முதலில் ஆடினாள். விழுந்த கட்டைகளையெல்லாம் திருப்பித் திருப்பி அடுக்கினாள். முதலாளி டிவியைப் பார்க்கவில்லை. அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது கிருஷ்ணவேணி. பொத்தான்கள்மேல் அவள் விரல்கள் பறந்தன. இன்னும் இரண்டு வரிசை அடுக்கினால் தங்கையை முந்திவிடுவாள். ஓரக்கண்ணால் பார்த்தாள். பொன்னி கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏதோ சாமி பேரை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த கட்டையை வேண்டுமென்றே தப்பான இடத்தில் விட்டாள் கிருஷ்ணவேணி. அதற்கடுத்ததையும்.

“ஜெயிச்சிட்டேன்! ஜெயிச்சிட்டேன்!” பொன்னி பெட்டியைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

முதலாளி முனுசாமியிடம் திரும்பினார். “பெரியவளுக்குக் கண்ணு அவுட்டுப்பா. நல்லா ஆடிக்கினே இருந்தா, பாதியில தடுமாறிட்டா பாரு. சின்னவ கை சூப்பரு. நாளையிலேர்ந்து கோர்வைக்கு அவளக் குந்த வை.”

“ஐயோ, இல்ல மொதலாளி!” கிருஷ்ணவேணி பதறிப்போனாள். “என் கண்ணு நல்லாத்தான் இருக்குது. அவ ஜெயிக்கட்டும்னு நாந்தான் வேணும்னே வுட்டுக் குடுத்தேன்!”

“அப்படியா?” அவர் முகம் மலர்ந்தது. “அப்ப ரெண்டு தறிக்கும் ஆள் ஆச்சு!”

கிருஷ்ணவேணி அப்பாவைப் பார்த்தாள். முனுசாமி செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார்.