எடை ஏறிய பிள்ளைகள்

தராசுத் தட்டிலிருந்து இறங்கும்போது, ராசம்மாளின் பாவாடை மடியிலிருந்து ஒரு கூழாங்கல் நழுவி விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

பள்ளிக்கூட முற்றத்தில் கூடியிருந்த பெற்றோர் எட்டிப் பார்த்தார்கள்.

பெற்றோர் உணவுக் கமிட்டி தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. யுத்தத்தால் தானியத் தட்டுப்பாடு. வீட்டுக்கு ஒரு கைப்பிடி ராகி வாங்கி, மத்தியானம் பிள்ளைகளுக்குக் களி கிண்டிப் போட்டார்கள். மாதம் ஒரு தடவை எடை பார்த்தார்கள். தராசு, கமிட்டித் தலைவர் சின்னுசாமியின் கடலை மண்டியிலிருந்து வந்தது.

“எல்லாப் பிள்ளைகளும் ஒரு ராத்தல், ரெண்டு ராத்தல் ஏறியிருக்குது. இனிக் களி எதுக்கு? நாளையிலிருந்து அடுப்பை நிறுத்திடலாம்” என்று இப்போதுதான் அவர் சொல்லி முடித்திருந்தார். ராசம்மாள் கடைசிப் பிள்ளை.

சின்னுசாமி கல்லைக் கையில் எடுத்தார்.

“அத்தாயி, இங்க வா! ஈரக் கடலையைக் கொண்டாந்து எடை காட்டறவங்களை மண்டியில தினமும் பார்க்கறேன். பெத்த பிள்ளை மடியில கல்லை வெச்சு அனுப்பற தாயை இன்னைக்குத்தான் பார்க்கறேன்!”

“களி தின்னு ஏறலைங்க, கல்லுத் தின்னு ஏறியிருக்குது” என்றாள் நல்லம்மாள். பெண்கள் சிரித்தார்கள்.

களையெடுத்த சேற்றோடு அத்தாயி முன்னால் வந்தாள்.

“சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. இந்தக் களியை நம்பித்தானுங்க எம்புள்ள இருக்குது. நான் எதுக்குங்க கல்லு வெக்கறேன்?”

“அப்ப யாரு வெச்சது?”

“நாந்தானுங்க” என்றாள் ராசம்மாள். “காத்தால ஆத்துல பொறுக்குனேன்.”

கண்ணுசாமி வாத்தியார் அவளிடம் குனிந்தார். “எதுக்கு சாமி?”

அவள் தலைவரைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள்.

“போன மாசம் எடை குறைஞ்ச பிள்ளைங்களோட அம்மாவையெல்லாம் எந்திரிச்சு நிக்கச் சொன்னீங்க. புள்ளைக்குச் சோறு போடாம நீங்களே திங்கறீங்களான்னு கேட்டீங்க. அன்னையிலிருந்து அம்மா ராத்திரிக் கஞ்சியை எனக்கே ஊத்திட்டு, சும்மா படுத்துக்குது.”

அத்தாயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சின்னுசாமி கையிலிருந்த கல்லை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

எடை பார்த்து முடித்த பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக நின்றிருந்தார்கள். வாத்தியார் அவர்கள் பக்கம் திரும்பினார்.

கால்சட்டைப் பையிலிருந்து இரண்டு கற்களை எடுத்து, சத்தம் வராமல் முதலில் தரையில் வைத்தவன் நல்லம்மாளின் மகன்.

பிறகு, வரிசையே குனிந்தது.